நாலு குறைந்த வாரங்கள்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் பேனாக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கையெழுத்துப் போட வந்தவர் சட்டைப்பையைத் தடவினால் போதும், அவள் கைப்பையிலிருந்து ஒரு பேனா நீண்டுவிடும். நகர சுகாதார அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக எழுத்தர் வேலை. வயது நாற்பத்திரண்டு. அம்மா ஒன்பது வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் அவள். அம்மா போய், வீடு ஒழிந்து, நிமிர்ந்து பார்த்தபோது பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்ல ஒருவரும் மிச்சமில்லை. அண்ணன் வீட்டு மாடியறைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதை ஒரு குறையாக அவள் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணிக்கும் அவளுக்கும் ஒத்துப்போனது. அதுவே பெரிய விஷயம்.

அந்த வருடம் ஈறு நோய்க் கணக்கெடுப்பு வந்தது. நாடு முழுவதும் ஒரே முறையில் அளப்பதாக ஏற்பாடு. எத்தனை பேருக்கு ஈறு கெட்டிருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதாது, எந்த ஊரில் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று தெரிய வேண்டும். அதை வைத்துத்தான் எந்தப் பகுதிக்குச் சிகிச்சை, எந்தப் பகுதிக்கு வெறும் அறிவுரை என்று முடிவாகும். இவர்கள் ஊருக்குப் பரிசோதகராக வேறு ஊரிலிருந்து ஒரு பல் மருத்துவர் வந்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு பதினான்கு வாரத்துக்குப் பேனாக்காவை அனுப்பினார்கள்.

பயிற்சி இரண்டு நாள். டாக்டருக்கு ஐம்பது, ஐம்பத்தொன்று இருக்கும். காதோரம் மட்டும் நரைத்த தலை, சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்துவிடும் பழக்கம். ஒரு மெல்லிய இரும்புக் கம்பியைக் காட்டினார். நுனியில் கடுகளவு உருண்டை, கொஞ்சம் மேலே ஒரு கருப்புப் பட்டை.

"இதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல விடுவேன். வாயை ஆறு இடமாப் பிரிச்சு ஆறு எண் சொல்வேன். நல்ல ஈறுன்னா ஜீரோ. ரத்தம் வந்தா ஒண்ணு. அழுக்கு கல்லாட்டம் இறுகியிருந்தா ரெண்டு. பள்ளம் விழுந்து பட்டை பாதி மறைஞ்சா மூணு. பட்டை முழுசா உள்ள போயிடுச்சுன்னா நாலு. அவ்வளவுதான்."

"டாக்டர், முகமூடி போட்டுக்கிட்டு நீங்க ஒண்ணுன்னு சொன்னாலும் மூணுன்னு சொன்னாலும் எனக்கு ஒரே மாதிரிதான் கேக்கும்" என்றாள் அவள்.

அவர் யோசித்தார். சிரித்தார். "இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேன், இதை யாரும் சொன்னதில்ல. சரி, இனிமே ஒண்ணுன்னா ஒண்ணு. மூணை மட்டும் பாடப் புத்தகம் மாதிரி மூன்றுன்னு சொல்லிடறேன்."

எவ்வளவு அழுத்தலாம் என்பதற்கும் ஒரு முறை இருந்தது. கம்பியின் நுனியைத் தன் கட்டைவிரல் நகத்தின் அடியில் வைத்து மெல்ல அழுத்துவார். வலி தெரியத் தொடங்குவதற்கு முந்தைய இடம்தான் சரியான அழுத்தம். பயிற்சியின்போது அப்படி அழுத்திக் காட்டி, "ஸ்" என்று கையை உதறினார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வண்டியில் மூன்று பேர். ஓட்டுநர், டாக்டர், அவள். மடக்கு நாற்காலி ஒன்று, நெற்றியில் கட்டும் விளக்கு, கொதிக்கவைத்த கருவிகள் அடங்கிய தகரப் பெட்டி, தாள்கட்டு. ஒரு நாள் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரம், ஒரு நாள் தொழிற்சாலை உணவுக்கூடம், ஒரு நாள் யாரோ ஒருவர் வீட்டு வாசல். வந்தவர் வாயைத் திறப்பார். டாக்டர் குனிவார்.

"ரெண்டு."

"ரெண்டு" என்று அவள் திருப்பிச் சொல்லி எழுதுவாள். தப்பாகக் காதில் விழுந்தால் அங்கேயே பிடிபட வேண்டும் என்பதற்கான விதி அது.

"ஒண்ணு."

"ஒண்ணு."

"மூன்று."

"மூன்று."

ஒரு நாளைக்கு இருபது வாய், நூற்றிருபது எண். வேறு பேச்சுக்கு இடமே இல்லை. ஆனால் ஒருவர் சொன்ன சொல்லை அதே மூச்சில் இன்னொருவர் எடுத்துச் சொல்வது என்பது, நாள்கணக்கில் நடக்கும்போது, வேறு ஏதோ ஆகிவிடுகிறது. மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை தலை வாரிக்கொண்டிருந்தபோது, அறை இவ்வளவு அமைதியாக இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது. அந்த அறை பத்து வருடமாக அப்படித்தான் இருந்தது.

டாக்டர் விடுதியறையில் தங்கியிருந்தார். மனைவி இறந்து ஆறு வருடம். ஒரே மகள் கல்யாணமாகி வெளிநாட்டில். மதியத்துக்கு ரொட்டியும் வாழைப்பழமும் கொண்டுவருவார். நாலாவது வாரத்திலிருந்து அவள் இரண்டு டப்பா கொண்டுபோனாள்.

"எங்க அண்ணி கொடுத்துவிட்டாங்க" என்றாள்.

"உங்க அண்ணி கை பலே கை, பேனா மேடம்" என்றார். அதுவரை வெறும் மேடமாக இருந்தவள் அன்றுதான் பேனா மேடம் ஆனாள்.

இதை ஓட்டுநர் அவளை வீட்டில் இறக்கிவிடும்போது வாசலில் நின்ற அண்ணியிடம் போட்டுக்கொடுத்துவிட்டார். அண்ணி உள்ளே வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"டாக்டரு என் சமையலைப் புகழ்ந்தாராமே? இருபது வருஷத்துல உங்க அண்ணன் வாயிலேருந்து வராத வார்த்தை. சந்தோஷம்தான். ஆனா காலையில அஞ்சு மணிக்கு எழுந்து நான் எப்ப சமைச்சேன்னு எனக்கும் கொஞ்சம் சொல்லக்கூடாதா?"

"போங்க அண்ணி" என்று மாடிக்கு ஓடிவிட்டாள், பதினாறு வயதுப் பெண் மாதிரி. பாதிப் படியில் மூச்சு வாங்கியது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் தாள்களைக் கட்டித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் அவள் ஒரு தொகுப்பு எழுதுவாள். நூறு பேரில் ஒரு இடத்திலாவது நாலு உள்ளவர் எத்தனை பேர் என்பது அதில் கடைசி வரி. முதல் ஐந்து வாரம் பதினெட்டு, பத்தொன்பது என்று வந்தது. நாலாவது வாரம் மேற்பார்வை டாக்டரம்மா வந்து, இவர் பார்த்தவர்களையே தானும் பார்த்து, இரண்டு பேர் அளவும் அச்சாக ஒத்துப்போகிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். ஆறாவது வாரம் பதினான்கு. ஏழாவது வாரம் ஒன்பது. எட்டாவது வாரம் ஆறு.

முதலில் அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பிறகுதான் உறைத்தது. எட்டாவது வாரம் அவர்கள் போனது தோல் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த குடியிருப்புக்கு. பாதிப் பேர் புகைபிடிப்பவர்கள். பல் டாக்டரைக் கண்ணால் பார்த்திராதவர்கள். அங்கே எண் கூட வேண்டும், குறையக்கூடாது.

அடுத்த திங்கட்கிழமை லாரியில் சுமை ஏற்றும் ஒருவர் வந்து உட்கார்ந்தார். "கீழ் முன்பல்லு ரெண்டும் நாக்கால தள்ளினாலே ஆடுது டாக்டர். பழத்தைக் கடிச்சுத் தின்னு மூணு வருஷமாச்சு" என்றார்.

டாக்டர் கம்பியை விட்டார். எடுத்தார். "ரெண்டு" என்றார்.

அவள் திருப்பிச் சொல்லவில்லை.

"மேடம்?"

"ரெண்டு" என்று எழுதினாள்.

அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தாள். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார். சாப்பிடும்போது கரண்டி இடது கைக்கு மாறியிருந்தது. சட்டைக் கை மடிக்கப்படாமல் தொங்கியது. கம்பி ஈறுக்குள் போவதுகூட இல்லை, விளிம்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியது.

இரண்டு நாள் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் ஐந்து வாரம்தான். மேற்பார்வை வருகை முடிந்துவிட்டது, இனி யாரும் வந்து சரிபார்க்கப்போவதில்லை. எண்கள் ஆயிரக்கணக்கான எண்களோடு போய்க் கலந்துவிடும். தோல் தொழிற்சாலைக்காரர்களுக்கு ஈறு நன்றாக இருக்கிறது என்று ஒரு தாளில் வரும். பல் ஆடுகிறவர்கள் ஆடிக்கொண்டே இருப்பார்கள். அவளுக்கோ ஐந்து வாரம் கிடைக்கும். தினமும் நூற்றிருபது தடவை அந்தக் குரல். சொன்னால் அவர் போய்விடுவார். இவ்வளவு கெட்டியாக எதையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதே இல்லை.

புதன்கிழமை மதியம் ஓட்டுநர் சக்கரத்துக்குக் காற்றடிக்கப் போயிருந்தார். மடக்கு நாற்காலியில் அவர், எதிரே தகரப் பெட்டியின் மேல் அவள்.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும்."

"ஒண்ணா, மூன்றா?" என்று அவர் சிரித்தார்.

அவளால் சிரிக்க முடியவில்லை. வாரத் தொகுப்புகளை வரிசையாக அடுக்கி நீட்டினாள். கடைசி வரிகளின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தாள். அவர் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஈறு நல்லா இருக்கலாமே."

"இருக்கலாம். அந்த லாரிக்காரருக்குமா டாக்டர்?"

அவர் முகம் இறுகியது. "நீங்க பல் படிச்சிருக்கீங்களா மேடம்?"

"இல்ல. எழுதறவ. நீங்க சொன்னது அத்தனையும் எங்கிட்ட இருக்கு, அதனாலதான் தெரிஞ்சுது. உங்க கை சரியில்ல டாக்டர். யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் சொல்றேன்."

அவர் தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார்.

அன்று மதியமும் வியாழக்கிழமையும் அவள் வெறும் மேடம். அவர் டப்பாவைத் திறக்கவில்லை, ரொட்டியும் கொண்டுவரவில்லை. எண்களைச் சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னார். அவள் திருப்பிச் சொன்னாள். ஓட்டுநர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வானொலியைத் திருகிவைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்கூட மண்டபத்தில் ஆட்கள் வருவதற்கு முன்னால், அவர் பரிசோதனை நாற்காலியில் தானே உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றினார். கம்பியின் நுனியைக் கட்டைவிரல் நகத்தின் அடியில் வைத்து அழுத்தினார். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் அழுத்தினார். நகத்தின் ஓரத்தில் ஒரு துளி ரத்தம் எட்டிப்பார்த்தது. அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"தெரியவே இல்ல" என்றார் மெதுவாக.

அவள் பஞ்சை எடுத்துக்கொண்டு ஓடினாள். விரலைப் பிடித்து ஒத்தினாள். அதுவும் அவருக்குத் தெரிந்ததோ என்னவோ.

"ஒரு மாசமா மரத்துப் போகுது. எவ்வளவு அழுத்தறேன்னு கைக்குப் புரியலையா, வலிச்சிடப்போகுதேன்னு பயம். பயந்து பயந்து அடி வரைக்கும் போகவே இல்லபோல. சத்தியமா எண் மாறினது எனக்குத் தெரியாது. கை மாறினது தெரியும். சொல்லியிருக்கணும்." பஞ்சை வாங்கித் தானே அழுத்திக்கொண்டார். "சொன்னா அன்னிக்கே ஊருக்குப் போகச் சொல்லிடுவாங்க. போக மனசு வரல."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள். வெளியே ஆட்கள் வரிசையில் நிற்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் வெளியே போய், மன்னிக்கணும், இன்னிக்கு இல்ல என்று சொல்லி அவர்களை அனுப்பினார். பிறகு தானே மேற்பார்வை டாக்டரம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினார்.

அந்தம்மா மறுநாளே வந்தார். இருபது பேரைத் தனித்தனியாக இரண்டு பேரும் அளந்தார்கள். ஒன்பது பேருக்குத்தான் ஒத்துப்போனது. டாக்டரம்மா திட்டவில்லை. தோளைத் தட்டி, "முதல்ல கழுத்து நரம்பைப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். ஆறாவது வாரத்திலிருந்து பார்த்த முந்நூற்றுச் சொச்சம் பேரையும் திரும்ப அளக்க வேண்டும் என்று முடிவானது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி பேருந்தில் அவர் கிளம்பினார். அதே ஒன்பது மணிக்குப் புதுப் பரிசோதகர் வேலை தொடங்குவதாக இருந்ததால் அவளால் வழியனுப்பப் போக முடியவில்லை. பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டு வந்த ஓட்டுநரின் முகத்தையே பார்த்தாள்.

"ஒண்ணும் சொல்லல பேனாக்கா" என்றார் ஓட்டுநர். "வழி முழுக்க நீங்க உக்கார்ற சீட்டையே பாத்துக்கிட்டு வந்தாரு. அதையும் சொல்லணுமா வேண்டாமான்னு தெரியல. சொல்லிட்டேன்."

புதிதாக வந்தவர் இளம் பெண். பட்டாசு வெடிப்பதுபோல எண் சொல்வார். திரும்பக் கூப்பிட்டதில் சுமை ஏற்றுகிறவரும் வந்தார். கீழ் முன்பல்லில், "நாலு" என்றார் இளம் டாக்டர். "நாலு" என்றாள் இவள்.

சுமை ஏற்றுகிறவர் வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "போன தடவை ரெண்டு, இந்தத் தடவை நாலு. நல்ல முன்னேற்றம்தானே மேடம்?"

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணும் கலங்கியது. அவர் பதறிப்போய், "நான் சும்மா சொன்னேம்மா" என்றார்.

கணக்கெடுப்பு முடிந்தது. அவள் பழைய மேசைக்குத் திரும்பினாள். விண்ணப்பங்கள், முத்திரை, மின்விசிறி. யாராவது பக்கத்து அறையில் எண் சொன்னால், உதடு தானாக அசையும். மதியத்துக்கு ஒரு டப்பாதான். ஆனாலும் பல நாள் இரண்டு பேருக்கான அளவு சமைத்துவிட்டு, மீதியை அண்ணனுக்கு வைத்தாள். அண்ணன் கேள்வியே கேட்காமல் சாப்பிட்டான்.

ஏழு மாதம் கழித்து அறிக்கை வந்தது. தோல் தொழிற்சாலைக் குடியிருப்பில் நூறு பேரில் இருபத்திரண்டு பேருக்கு நோய் முற்றிய நிலை. மாவட்டத்திலேயே அதுதான் அதிகம். அங்கிருந்த சிறு மருத்துவ நிலையத்துக்கு ஈறு சிகிச்சைக்கென்று ஒரு நாற்காலியும் வாரத்தில் மூன்று நாள் ஒரு டாக்டரும் கொடுப்பதென்று முடிவானது. அந்த ஆணையைத் தட்டச்சு செய்தது அவள்தான். செய்து முடித்து, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதை ஒரே ஒருவரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் அண்ணியிடம் சொன்னாள், எல்லாவற்றையும். அண்ணி துணி மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"நம்பர் இருக்கா?"

"ஒவ்வொரு தாள்லயும் மேல எழுதியிருக்கும். மனப்பாடம்."

"ஏழு மாசமா பேசலயா?"

"நான்தானே அண்ணி அவரைப் போக வெச்சேன். எந்த மூஞ்சியோட பேசறது?"

"ஃபோன்ல மூஞ்சி எங்க தெரியுது? மரத்துப் போனது அவர் விரல்தானே, உன் விரலுக்கு என்ன கேடு?"

மறுநாள் காலை மொட்டை மாடியில் நின்று எண்ணை அழுத்தினாள். நான்கு தடவை மணி அடித்தது.

"ஹலோ" என்றது அந்தக் குரல்.

"டாக்டர், நான்..."

"பேனா மேடம்."

நலம் விசாரிக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்த சொல் ஒன்றும் வரவில்லை. "இருபத்திரண்டு" என்றாள்.

"இருபத்திரண்டு" என்றார் அவர். பிறகு, "நான் அளந்ததை அப்படியே விட்டிருந்தா எவ்வளவு வந்திருக்கும்?"

"ஆறு. அதுக்கும் கீழ கூட வந்திருக்கும்."

"ஆமா" என்றார். "சிகிச்சைக்கு நாற்காலி குடுப்பாங்களா?"

"ஆணை வந்துடுச்சு."

கழுத்தில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. விரல் முக்கால்வாசி திரும்பிவிட்டது, சட்டை மடிக்கலாம், கோப்பை பிடிக்கலாம், கம்பி மட்டும் இனி பிடிக்க முடியாது என்றார். மகளுக்குப் பிரசவம், ஒரு வருடம் போல அங்கே போய் இருக்கப்போகிறார். திங்கட்கிழமை விமான நிலையத்துக்குப் போகிற பேருந்து அவள் ஊரில் கால் மணி நேரம் நிற்கும், காலை பத்து மணிக்கு. அதைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். வரச் சொல்லவில்லை.

அவள் அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு ஒன்பதரைக்கே போய் நின்றாள். பேருந்து பத்தேகாலுக்கு வந்தது. அவர் இறங்கினார், கொஞ்சம் இளைத்திருந்தார். சட்டைக் கை இரண்டு மடிப்பு மடித்திருந்தது. நிலையத்துச் சிமெண்டு பெஞ்சில் ஒரு பை இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள்.

"அந்த ஒன்றரை நாள் உங்ககிட்ட முகம் குடுத்துப் பேசலையே" என்றார் அவர். "படுத்துக் கிடந்தப்ப அதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். கையைப் பத்திகூட அவ்வளவு நினைக்கல."

"எனக்குக் கோவமே இல்ல."

"இருந்திருக்கலாம். இருந்திருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்."

நடத்துநர் விசில் ஊதினார். அவர் எழுந்தார். அவளும் எழுந்தாள். நாற்பத்திரண்டு வருடத்தில் தனக்கென்று யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள்.

"திரும்பி வரும்போது இங்க வரணும் டாக்டர். வேலைக்கில்ல. என்னைப் பாக்க. அதைச் சொல்லத்தான் லீவு போட்டுட்டு வந்தேன்."

அவர் அவளைப் பார்த்தார். விசில் மறுபடியும் அடித்தது.

"வரேன்" என்றார். "ஒரு வருஷமாகும்."

"பரவால்ல."

பேருந்து திரும்பிப் போகும் வரை நின்றுவிட்டு அவள் அலுவலகத்துக்கு நடந்தே போனாள். மேசை முன்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

இப்போது எட்டு மாதமாகிறது. ஞாயிறுதோறும் காலையில் அவர் கூப்பிடுகிறார். அங்கே அப்போது சாயங்காலம். பேத்திக்குக் கீழ் ஈறில் முதல் பல் வெள்ளையாகத் தெரிகிறது என்று இந்த வாரம் சொன்னார். மகள் இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்கிறாள், பயணச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை என்றும் சொன்னார். அவள் அவசரமில்லை என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அன்று முழுவதும் மாடியறையின் ஜன்னலைத் துடைத்தாள். அண்ணி பார்த்துவிட்டு, திரைச்சீலைக்குத் துணி எடுக்கலாமா என்று மட்டும் கேட்டாள்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமைதான். ஞாயிறுக்கு இன்னும் ஐந்து நாள்.